கீழே விறகடுப்பு, மேலே இரண்டு மாடி: புகைக்கு வழி எப்படி?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் மூன்று சென்ட் மனையில் வீடு கட்டப் போகிறேன். கீழ்த்தளம் அம்மாவுக்கு, முதல் மாடி எங்களுக்கு, இரண்டாம் மாடி வாடகைக்கு. மூன்று தளத்திலும் அடுக்களை தென்கிழக்கு மூலையில், ஒன்றின் மேல் ஒன்றாக வருகிறது. கேஸ் இருந்தாலும் கீழே ஒரு விறகடுப்பு வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிலிண்டர் வராமல் மண்ணடுப்பில்தான் சமைத்தோம், அதை அம்மா மறக்கவில்லை. புகைக்கு நாலு அங்குல பிவிசி குழாயைச் சுவர் வழியாக வெளியே விட்டால் போதும் என்கிறார் கொத்தனார். எக்ஸாஸ்ட் ஃபேன் போதும் என்கிறார் இன்ஜினியர். முதல் மாடியில் வைக்கப்போகும் விறகு பாய்லரையும் அதே புகைக்கூண்டில் சேர்த்துவிடலாமா? எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்? பிளான் இணைத்திருக்கிறேன்.

பதில்: அஸ்திவாரம் தோண்டும் முன்பே கேட்டிருக்கிறீர்கள். அதனால் எல்லாவற்றையும் சரியாகச் செய்ய இன்னும் நேரம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் பால் காய்ச்சிய பிறகு, கூரை கருத்த பிறகு கேட்கிறார்கள். அப்போது சொல்வதற்கு அதிகம் இருக்காது.

பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம். அடுப்பை விட்டு வெளியேறும் புகை 150 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். பிவிசி 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வீரவநல்லூர் பக்கம் ஒரு வீட்டில் இப்படிப் போட்ட குழாயைப் பார்த்தேன். முழங்கை வளைவு தொங்கிப்போய், இணைப்பு பிளந்து, சுவருக்குள்ளேயே புகை பரவியிருந்தது. தீப்பிடித்தால் பிவிசியிலிருந்து வரும் அமில வாயு நுரையீரலை அரிக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் பரணில் கிடக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் அதையும் திருப்பி அனுப்புங்கள். சூட்டில் வெடிப்பு விடும், அறுத்தால் அதன் தூசி உயிருக்குக் கேடு. ஜிஐ குழாயும் சரிவராது. நல்ல சூட்டில் துத்தநாகப் பூச்சு உரிந்துவிடும், அப்புறம் துருதான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் விஷயத்தில் இன்ஜினியர் சொல்வது கேஸ் அடுப்புக்குப் பொருந்தும். விறகடுப்புக்குப் புகைக்கூண்டு இருக்கும்போது அதே அறையில் ஃபேன் ஓடினால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஃபேன் அறைக் காற்றை வெளியே இழுக்கும். அந்த இடத்தை நிரப்பக் காற்று வேண்டுமே, புகைக்கூண்டு வழியாகவே கீழே இறங்கும், புகையோடு. ஆகவே விறகு எரியும்போது ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு ஜன்னலை நாலு விரற்கடையாவது திறந்து வைக்கச் சொல்லுங்கள். கடையில் விற்கும் எலெக்ட்ரிக் சிம்னியை விறகடுப்புக்கு மேல் மாட்டுவது இன்னும் ஆபத்து. அதன் ஃபில்டரில் தேங்கும் எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு தீப்பொறி பட்டால் எரியத் தொடங்கும்.

சரி, புகைக்கூண்டுக்கு வருவோம். கட்டுவது எளிது, கட்டியதைச் சுத்தம் செய்ய வழி விடுவதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். 1983-ல் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்து நாடு முழுக்க அடுப்பு போட்டுக் கொடுத்தது. 2002-ல் திட்டம் முடிந்தது. பல ஊர்களில் அடுப்பு நன்றாகத்தான் இருந்தது, குழாய்தான் கரி அடைத்துப்போனது. அதற்குள் கைவிட்டுத் துடைக்க வழியில்லை. அடைத்ததும் புகை வீட்டுக்குள் திரும்பியது, ஜனங்கள் குழாயைப் பிடுங்கிப் போட்டார்கள். அதனால் நான் கீழே சொல்லும் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வியை வைத்துப் பாருங்கள்: இந்த இடத்துக்கு ஒரு பிரஷ் போய் வருமா? போகாது என்றால் அந்த இடத்தை மாற்றுங்கள்.

உங்கள் பிளானில் அடுப்பு கிழக்குச் சுவரில் இருக்கிறது. அடுக்களைக்கு மேற்கே ஒட்டி மாடிப்படி. படி போய் முடியும் ஹெட்ரூம் 8 அடி உயரம், அதன் மேல் தண்ணீர் டேங்க் 4 அடி. இந்த இடத்தில்தான் சிக்கல். புகைக்கூண்டு தட்டட்டியிலிருந்து, அதாவது மொட்டை மாடித் தளத்திலிருந்து, குறைந்தது 3 அடி மேலே போக வேண்டும். அதோடு 10 அடி தூரத்துக்குள் எது உயரமோ அதைவிட 2 அடி கூடுதலாக நிற்க வேண்டும். உங்கள் கிழக்குச் சுவருக்கும் டேங்குக்கும் நடுவே 7 அடிதான் என்பதால் குழாய் தட்டட்டிக்கு மேல் 14 அடி எழும்ப வேண்டும். சும்மா நிற்கிற 14 அடிக் குழாயை நம்ம ஊர் ஆனி, ஆடி மேல்காற்றில் நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டாமல் நிறுத்த முடியாது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றுதான் இதுவும். மலையிறங்கி மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று ஹெட்ரூமில் மோதி, தாண்டி, அதன் கிழக்கே சுழன்று கீழே இறங்கும். கட்டையான குழாய் அந்தச் சுழலுக்குள் நின்றால் புகை மேலே போகாது, அம்மாவின் முகத்துக்குத்தான் வரும்.

என் யோசனை, விறகடுப்பை அடுக்களையின் மேற்குச் சுவருக்கு, படியை ஒட்டிய மூலைக்குக் கொண்டுபோங்கள். புகைக்கூண்டு அந்த மூலையிலேயே மூன்று தளமும் நேராக ஏறி, தட்டட்டியில் ஹெட்ரூமின் கிழக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகட்டும். சுவரே தாங்கும், கம்பி வேண்டாம். ஹெட்ரூம் கூரைக்கு மேல் 3 அடி எழுப்பினால் போதும். டேங்கை மட்டும் வடக்குப் பக்கம் 10 அடிக்கு அப்பால் தனி மேடைக்கு மாற்றுங்கள். ஹெட்ரூம் கூரையில் ஏறி நின்றால் குழாயின் வாய் இடுப்பு உயரத்தில் இருக்கும், ஏணி கட்டித் தொங்க வேண்டாம். அந்தக் கூரைக்கு மூன்றடிக் கம்பிக் கைப்பிடி வையுங்கள், சுவராக எழுப்பினால் குழாயின் வாயை மறைக்கும்.

மேற்கு பார்த்து அடுப்பா என்று அம்மா கேட்பார். கேஸ் அடுப்பு கிழக்கு பார்த்தபடியே இருக்கட்டும், பொங்கல் அங்கே வைக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். அப்படியும் சம்மதிக்கவில்லை என்றால் கிழக்குச் சுவரிலேயே வைத்து, சுவருக்கு வெளியே இரட்டைச் சுவர்க் குழாயாக ஏற்றலாம். செலவு கூடும், மழையில் குழாய் குளிரும், கரி சீக்கிரம் படியும். டேங்கை மாற்றினாலும் பக்கத்திலிருக்கும் ஹெட்ரூமைத் தாண்டவே 10 அடி வேண்டும், அதற்கும் கம்பி கட்டித்தான் ஆக வேண்டும். சமைக்கப்போவது அவர்தான், முடிவும் அவருடையதாக இருக்கட்டும்.

மூலையில் ஏற்றும்போது இன்ஜினியரிடம் கேட்க வேண்டியது பீம். அடுக்களைக்கும் படிக்கும் நடுவே உள்ள சுவரின் தலையில் பீம் ஓடும், அதைத் துளைக்கக் கூடாது. கூண்டு பீமுக்குக் கிழக்கே, அடுக்களைக்குள் தள்ளி நிற்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் சுமார் ஒன்றேமுக்கால் அடிச் சதுரம் போகும். உள்ளே 12 அங்குலச் சதுர வெளி, சுற்றி நாலரை அங்குலச் செங்கல் சுவர் என்று கணக்குப் போட்டால், அடியிலிருந்து நுனிவரை 40 அடிக்குச் செங்கல் எடை மட்டும் 4 டன்னைத் தாண்டும். இதைத் தளத்தின் மேல் சும்மா ஏற்றி வைக்க முடியாது. தனி அஸ்திவாரம் வேண்டும், அதனால்தான் இப்போதே முடிவு செய்யச் சொல்கிறேன். ஒவ்வொரு தளத்திலும் சென்ட்ரிங் போடும்போதே பெட்டி வைத்துத் துவாரம் விட்டு, அதன் நாலு பக்கமும் கூடுதல் கம்பி கட்டச் சொல்லுங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு உடைத்துத் துவாரம் போட்டால் கம்பி அறுபடும்.

அந்த 12 அங்குல வெளிக்குள் 6 அங்குல வட்டமான எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய் இறங்கும். சுற்றி மூன்று அங்குலம் ராக்வூலோ வெர்மிகுலைட்டோ நிரப்ப வேண்டும். தெர்மோகோல் துண்டோ ஃபோமோ கூடவே கூடாது, இரண்டும் எரியும். ஏன் இத்தனை போர்வை என்றால், 40 அடி ஏறுவதற்குள் புகை ஆறிவிடும். 120 டிகிரிக்குக் கீழே போனால் புகையில் இருக்கும் நீராவியும் தாரும் குழாய்ச் சுவரில் படியத் தொடங்கும். அந்தத் தார்தான் பின்னால் தீப்பிடிக்கிறது. சூட்டைக் காப்பாற்றினால் இழுப்பும் நன்றாக இருக்கும், கரியும் குறையும்.

குழாய் போடும் ஆளிடம் இரண்டு விஷயத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒன்று இணைப்பு. மேல்குழாயின் அடிவாய் கீழ்க்குழாய்க்குள் இறங்க வேண்டும். உள்ளே வழியும் தார் நீர் குழாய்க்குள்ளேயே ஓடி அடியில் சேரும். தலைகீழாகச் செருகினால் ஒவ்வொரு இணைப்பிலும் கசிந்து செங்கலில் இறங்கும், இரண்டு வருஷத்தில் வெள்ளைச் சுவரில் பழுப்புக் கோடு தெரியும். வெள்ளையடித்தாலும் அது போகாது. இன்னொன்று, சூடேறினால் 40 அடி எஸ்எஸ் குழாய் ஓர் அங்குலத்துக்குமேல் நீளும். அடியில் மட்டும் இறுக்கிப் பொருத்தி, மேலே நழுவ இடம் விட வேண்டும். தளத்துக்குத் தளம் சிமென்ட் வைத்துப் பூசி இறுக்கினால் குழாய் நெளியும், இல்லையென்றால் பூச்சு வெடிக்கும்.

ஆறு அங்குலம் போதுமா என்று கேட்பார்கள். வாய் மூடிய அடுப்புக்குப் போதும். திறந்த அடுப்பின் மேல் 3 அடிக்கு 2 அடி கூடாரம் வைத்தால், அதன் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது குழாயின் வாய் இருக்க வேண்டும், அதற்குப் பத்தரை அங்குலக் குழாய் தேவைப்படும். அதனால் அம்மாவுக்குப் பழக்கமான, ஒரே தீயில் இரண்டு பானை ஏறும் கொடி அடுப்பையே கட்டுங்கள், உள்ளே ஃபயர் பிரிக் வைத்து. விறகு வைக்கும் வாய், முன்னடுப்பு, கொடி அடுப்பு, அதன் பின்னாலிருந்து குழாய். பானையின் அடி அடுப்புக் கண்ணில் சரியாக உட்கார வேண்டும், இடைவெளி விட்டால் அந்த வழியாகத்தான் புகை வரும். பானை இல்லாத கண்ணுக்கு ஒரு வார்ப்பு மூடி வாங்கி வையுங்கள். உயரமான கூண்டு என்பதால் இழுப்பு அதிகமாகி விறகு மளமளவென்று எரியக்கூடும். குழாயின் தொடக்கத்தில் ஒரு தடுப்புத் தகடு வைத்தால் அதைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தத் தகடு முழுதாக மூடாதபடி கால்வாசியை வெட்டிவிட்டுத்தான் பொருத்த வேண்டும். தணல் கிடக்கும்போது யாராவது முழுக்க மூடிவிட்டால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் நிறையும்.

இதைச் சொல்லும்போது பாய்லர் கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. சேர்க்கக் கூடாது. ஒரு அடுப்புக்கு ஒரு குழாய். முதல் மாடியில் இன்னொரு வாயைத் திறந்தால், பாய்லர் எரியாத நேரத்தில் கீழடுப்பின் புகை அந்த வாய் வழியாக உங்கள் அறைக்குள் வரும். இழுப்பும் பாதியாகும். ராத்திரி ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் வீடுகளில் இது உயிர்போகிற விஷயம். வெந்நீர்தான் வேண்டும் என்றால் தட்டட்டியில் சூரியசக்தி ஹீட்டர் வையுங்கள். வெயிலுக்கு நம்ம ஊரில் குறைச்சல் இல்லை. மேலிரண்டு தளங்களிலும் கூண்டில் எந்தத் துவாரமும், ஆணியும் வேண்டாம். மூன்று தளத்திலும் படுக்கையறைக்குப் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொன்று வாங்கி மாட்டுங்கள். வாடகைக்கு வருகிறவர்களிடமும் அது எதற்கு என்று சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் என்றால் மாத்திரை தேடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும் என்பதையும்.

இனி சுத்தம். கூண்டின் அடியில், அடுப்புக் குழாய் சேரும் இடத்துக்கு ஒன்றரை அடி கீழே, ஓர் இரும்புக் கதவு வையுங்கள். ஓர் அடிச் சதுரம், இறுக்கமாக மூட வேண்டும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருந்தால் அடியில் முறத்தை வைத்துக் கரியை அள்ள வசதி. அடுப்பிலிருந்து கூண்டுவரை உள்ள குழாய் மூன்று அடிக்கு மேல் படுக்கையாக ஓடக் கூடாது. மேல்நோக்கிச் சாய்ந்தே போகட்டும். வளைவு வந்தே தீரும் என்றால் 45 டிகிரி. அதில் பிரஷ் போகும், 90 டிகிரி முழங்கையில் போகாது.

மாதம் ஒருமுறை காலையில் அடுப்பு மூட்டும் முன் அந்தக் கதவைத் திறந்து, ஒரு கைக்கண்ணாடியைச் சாய்த்து உள்ளே நீட்டிப் பாருங்கள். 40 அடி உயரத்தில் மூடித் தகட்டின் அடிப்புறமும் அதைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையமும் தெரிய வேண்டும். வளையம் ஒரு பக்கம் மங்கினால் கூடு இருக்கிறது, சுற்றிலும் சுருங்கினால் கரி. மைனா, குளவி, அணில் எல்லாம் இந்த மாதிரி இடத்தைத் தேடித்தான் வரும். ஊருக்குப் போய் ஒரு மாதம் அடுப்பு எரியாமல் கிடந்தால் கட்டாயம் பாருங்கள். மேலே மூடிக்குக் கீழே அரை அங்குலக் கண் வலை போதும். கொசுவலை மாதிரிச் சின்னக் கண் போட்டால் கரியே அதை அடைத்துவிடும்.

விரலால் தொட்டுப் பார்த்தால் கரி நிலவரம் தெரிந்துவிடும். மாவு போல உதிர்ந்தால் நல்லது, பிரஷ்ஷில் வந்துவிடும். 3 மில்லிமீட்டர் கனம் ஏறினால் நாள் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். தினமும் எரிக்கும் அடுப்புக்கு, ஆனியில் காற்று வலுக்கும் முன் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். முதல் வருஷம் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்து பாருங்கள். உங்கள் விறகும் உங்கள் வீட்டுச் சமையலும் எவ்வளவு கரி தரும் என்று அதில் பிடிபடும். கரி கண்ணாடி போல் மின்னி, விரலில் ஒட்டினால் அது தார். பிரஷ்ஷுக்கு வராது, அடுப்பை நிறுத்திவிட்டு ஆள் கூப்பிட வேண்டும்.

சுத்தம் செய்யும் முந்தின நாளே அடுப்பை அணைத்துவிடுங்கள். அடுப்புக் கண்களை நனைந்த சாக்கால் மூடி, முகத்துக்கு மாஸ்க் போட்டு, கோல்களை ஒன்றோடு ஒன்று முறுக்கி நீட்டும் 6 அங்குல பிரஷ்ஷை அடிக்கதவு வழியாக மேலேற்ற வேண்டும். ஆள் மேலே இருந்தால் கயிற்றில் எடை கட்டி இறக்கலாம். பிரஷ் எஸ்எஸ் கம்பியிலோ நைலானிலோ இருக்கட்டும். சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் எஸ்எஸ் குழாயைக் கீறித் துருவுக்கு வழிவிடும். சங்கிலி விட்டு உலுக்குவதும் அப்படித்தான். எடுத்த கரியைச் சாம்பலோடு சேர்த்து மூடியுள்ள தகர டின்னில் இரண்டு நாள் வையுங்கள், வெளியே குளிர்ந்தாலும் உள்ளே தணல் இருக்கும். அப்புறம் சாம்பலைத் தென்னைக்குப் போடலாம்.

பாதிக் கரி விறகிலேயே தீர்மானமாகிறது. பச்சை விறகில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அதை எரிப்பது அடுப்புச் சூட்டில் தண்ணீர் கொதிக்க வைத்துக் குழாய்க்குள் விடுவதுதான். சித்திரை, வைகாசி வெயிலில் உடைமர விறகைப் பிளந்து அடுக்கி, மேலே மட்டும் தகரம் மூடி, பக்கவாட்டில் காற்றோட விட்டால் மழைக்காலத்துக்குத் தயார். முனையில் வெடிப்பு விட்டிருக்க வேண்டும், இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பனைமட்டை, சிரட்டை, கொதும்பு எல்லாம் காய்ந்திருந்தால் நல்ல எரிபொருள்தான். முந்திரிக்கொட்டை ஓடு மட்டும் வேண்டாம், அதன் எண்ணெய் குழாயில் தாராக அப்பும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பால் பாக்கெட் எதையும் அடுப்பில் போடக் கூடாது. மூன்று தளத்துக்கு மேல் போனாலும் அந்தப் புகை பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்டிருக்கும் வற்றலில்தான் இறங்கும்.

சித்திரை மத்தியானத்தில் அடுப்பு மூட்டினால் சில சமயம் புகை மேலே ஏற மறுக்கும். வெளியே அனல், வீட்டுக்கு நடுவே நிற்கும் கூண்டுக்குள் அதைவிடக் குளிர்ந்த காற்று. குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் இறங்கும். அடுப்பு பழுது என்று நினைக்க வேண்டாம். அடிக்கதவைத் திறந்து ஒரு கீற்றுக் காய்ந்த தென்னோலையைக் கொளுத்திக் குழாய்க்கு நேராக ஒரு நிமிடம் பிடித்தால் சூடான காற்று கிளம்பி இழுப்பு பிடித்துக்கொள்ளும். கதவை மூடிவிட்டு அடுப்பை மூட்டலாம்.

கூண்டுக்குள் எப்போதாவது லாரி போவது போல் உறுமல் கேட்டாலோ, நுனியில் தீ தெரிந்தாலோ உள்ளே தார் பற்றிவிட்டது என்று அர்த்தம். சூடு 1000 டிகிரி வரை போகக்கூடும். கூண்டு படிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் முதலில் மேல்தளத்தில் இருப்பவர்களைக் கீழே கூப்பிடுங்கள். அடுப்பு வாயையும் கண்களையும் மூடிக் காற்றை நிறுத்திவிட்டு 101-ஐ அழையுங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, குழாயும் செங்கலும் பிளந்துவிடும். அணைந்த பிறகும் முழுக்கப் பரிசோதிக்காமல் மறுபடி மூட்ட வேண்டாம்.

தட்டட்டியில் கூண்டு வெளிவரும் இடத்தைச் சுற்றி ஆறு அங்குலம் உயரத்துக்குக் கான்கிரீட் வரம்பு கட்டி, அதன் மேல் குழாயில் தகடுப் பாவாடை வைத்துவிட்டால் மழைத் தண்ணீர் இறங்காது. தட்டு ஓடு பதிக்கிற கொத்தனாரிடம் அந்த வரம்பின் ஓரத்தில் வாட்டம் வெளிப்பக்கமாக இருக்கச் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, இன்ஜினியரிடம் தரைத்தள பீம் வரைபடத்தை வாங்கி அடுக்களையின் தென்மேற்கு மூலையில் ஒன்றேமுக்கால் அடிச் சதுரம் வரைந்து, டேங்கின் புது இடத்தையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். கூண்டின் அஸ்திவாரம் பக்கத்துத் தூணின் ஃபுட்டிங்கில் இடிக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த மூலையில் மட்டும் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட வேண்டாம்.